மூச்சு வாங்கிய கம்ப்யூட்டர்

எங்கள் தீவின் நெய்யாஃபு ஊரில், துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில், எனக்கும் வைசினியாவுக்கும் சேர்த்து ஒரே கடை. ஒரு பாதியில் என் தையல் மெஷின். மறுபாதியில் அவளுடைய கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் மேசை. நடுவில் தடுப்பெல்லாம் கிடையாது. என் ஊசிகள் அவள் மேசையில் மேயும், அவள் திருகாணிகள் என் துணிகளுக்குள் புகுந்துகொள்ளும். போதகருக்குத் தைத்துக் கொடுத்த கோட்டுப் பையில் ஒரு திருகாணி போய்ச் சேர்ந்து, அவர் அதைச் சில்லறை என்று நினைத்துக் காணிக்கைத் தட்டில் போட்டு, தட்டைப் பிடித்திருந்த மூப்பர் 'டங்' என்ற சத்தத்துக்குத் திடுக்கிட்டு நிமிர்ந்ததெல்லாம் நடந்தது. வைசினியா அன்றைக்குப் பாடகர் குழுவில் நின்றிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நிறுத்த முடியாது. பெண்கள் வரிசை முழுக்கக் குலுங்கியது. ஆமென் வரவே இல்லை.

ஆள் நல்ல உயரம், நல்ல அகலம். பள்ளிக்கூட நாளில் பித்தளை வாத்தியக் குழுவில் கார்னெட் ஊதியவள். பிறகு ஆக்லாந்துக்குப் போனாள். அங்கே அலுவலகங்கள் கழித்துப் போடும் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிப் பிரிக்கும் ஒரு கிடங்கில் வேலை. வரிசையாக மேசைகள், மேசைக்கு மேசை கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஸ்விட்சைப் போட்டு, எது உயிரோடிருக்கிறது, எது செத்தது என்று பிரிப்பதுதான் அவள் வேலை. திரையை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க நேரம் ஏது? காதால்தான் பிரித்தாள். கம்ப்யூட்டர் விழிக்கும்போது தன் உடம்பைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் சரி என்றால் சின்னதாக ஒரு பீப். ஏதாவது கோளாறு என்றால், திரையில் எழுதிக் காட்ட முடியாத நிலையில், சத்தத்திலும் விளக்கிலும் சொல்லும். எந்தக் கம்பெனி செய்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை. அத்தனை பாஷையும் அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிவாள்.

"அக்கா, நான் ஒரு நிமிஷம் கேட்டாப் போதும். எங்க வலிக்குதுன்னு அதுவே வந்து எங்கிட்ட ஒப்பிச்சிடும்" என்பாள்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் பெயர் வைத்திருந்தாள். நீளம் நீளமாக, விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே இருந்தால் 'பன்றிக்குட்டி'. நினைவுப் பட்டை, அதுதான் ராம், சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் 'குருட்டு மாமா', திரைக்குப் படம் அனுப்பும் கார்டில் கோளாறு. போலீஸ் வண்டி மாதிரி ஏறி இறங்கினால் 'மாமியார்', உள்ளே சூடு ஏறிவிட்டது. சத்தமே இல்லாமல் மஞ்சள் விளக்கு மட்டும் மினுக்கினால் 'மூப்பர்'. பவர் சப்ளையைத்தான் மாற்ற வேண்டும், பேசிப் பிரயோஜனமில்லை.

எப்போதும் சரியாகவே சொல்லிவிடுவாள் என்றும் இல்லை. ஒரு நாள் மீனவர் சங்கத்தில் கம்ப்யூட்டர் விடாமல் பீப் அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். வாசலிலேயே நின்று காதைச் சாய்த்து, "ராம்!" என்றாள். கழற்றித் துடைத்து மாட்டினாள். பீப் அடித்தது. "அப்போ கார்டு" என்றாள். கழற்றினாள். பீப் அடித்தது. ஃபேன், டிஸ்க், வயர் எல்லாம் கழன்று மேசையில் பரந்து கிடந்தன. வெறும் டப்பாதான் பாக்கி. அப்போதும் பீப் அடித்தது. சங்கத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வைசினியா மெதுவாகக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். அங்கே யூ.பி.எஸ். உட்கார்ந்து, சுவர் ப்ளக் கழன்றுவிட்டது என்று கதறிக்கொண்டிருந்தது.

"இது கம்ப்யூட்டர் இல்லப்பா, இது பக்கத்து வீட்டுக்காரன்!" என்றாள். சொன்னவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஒரு மாதம் தெருவில் யார் எதிர்ப்பட்டாலும் "பக்கத்து வீட்டுக்காரன் சௌக்கியமா?" என்று கேட்டார்கள். அவளும் "கத்துறான், கத்துறான்" என்று பதில் சொல்லிவிட்டுப் போவாள்.

அவளுக்கு ஓர் அண்ணன், இசிலேலி. லாரி ஓட்டுகிறவன். கம்ப்யூட்டர்களை ஏற்றி இறக்கித் தருவது அவன்தான். தங்கை இருக்கும் இடத்தில் காதல், கல்யாணம் என்று யாராவது வாயைத் திறந்தால் அண்ணன்காரன் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது எங்கள் மரியாதை. இசிலேலி அந்த மரியாதையில் கெட்டி. மதியம் அவன் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்து ரொட்டியை முழுசாகத் தின்னப் பார்த்தால், நான் நூலைக் கடித்துக்கொண்டே, "ஆமா வைசினியா, அந்தச் சுங்க ஆபீஸ் பையன் உன்னையே பாக்குறானாமே" என்பேன். வாயில் ரொட்டியோடு எழுந்து போய்விடுவான். மிச்சம் எனக்கு.

ஒரு நாள் மதியம் போன் வந்தது.

"ஹலோ, கம்ப்யூட்டர் டாக்டரம்மாங்களா?"

"டாக்டரம்மா இல்ல, வைசினியா. சொல்லுங்க."

"நான் நியுவாவுல இருந்து பேசுறேங்க. கித்தியோனே, வாத்தியார். எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் அழுவுதுங்க."

நியுவா என்றால் வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் ஒரு தீவு. கப்பல் அதற்கு மனசு வந்தால்தான் போகும். கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொல்ல முடியாது.

"எப்படி அழுவுது? போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடிங்க."

போனிலிருந்து பீஈஈஈப், பீஈஈஈப் என்று எனக்கே கேட்டது.

"ஓயாவே! பன்னிக்குட்டி!" என்று சந்தோஷத்தில் கத்தினாள் வைசினியா.

அந்தப் பக்கம் குரல் சுருங்கியது. "யாருங்க, நானா?"

"ஐயோ, உங்களச் சொல்லல! அந்தச் சத்தத்துக்கு அப்படிப் பேரு. ப்ளக்கப் பிடுங்கிட்டு மூடியைக் கழட்டுங்க. உள்ள விரல் நீளத்துல ஒரு பச்சைப் பட்டை செங்குத்தா நிக்கும். ரெண்டு பக்கமும் வெள்ளைக் கொண்டி இருக்கும். கொண்டியத் தள்ளினா பட்டை எந்திரிச்சு வரும். அடியில தங்க நிறத்துல பல்லு பல்லா இருக்கா? உங்க ஊரு உப்புக்காத்து அதுல படிஞ்சிருக்கும். பென்சில் ரப்பர் வச்சு மெதுவாத் தேய்ங்க."

"எத்தனை தடவ தேய்க்கணும்?"

"உங்க பசங்க காதத் தேய்ச்சுக் குளிப்பாட்டுற மாதிரி தேய்ங்க."

"பசங்க இல்லீங்க. கல்யாணமே ஆகல."

இசிலேலி ரொட்டியை வைத்துவிட்டு வெளியே போனான்.

பட்டை மறுபடி மாட்டப்பட்டது. 'டக்' என்று இரண்டு கொண்டியும் விழுந்தன. ஸ்விட்ச். ஒரே ஒரு சின்னப் பீப். போனில் ஒரு வகுப்பே கை தட்டுவது கேட்டது. "மாலோ! மாலோ!" என்று நன்றி சொல்லி மாளவில்லை வாத்தியாருக்கு. அவன் குரலைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். இளநீர் இறங்குவது மாதிரி ஒரு குரல். போனை வைத்த பிறகும் வைசினியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. கொண்டி சரியா விழுந்துச்சான்னு யோசிக்கிறேன்."

அடுத்த முறை மாமியார் சத்தம். ஏறி இறங்கி அலறி, அணைந்தே போய்விட்டது என்றான். மூடியைத் திறந்து பார்த்தால் ஃபேனில் பாய் நார் சிக்கியிருந்தது.

"கம்ப்யூட்டருக்குள்ள பாயா நெய்யுறீங்க?"

"ஊரே நெய்யிற ஊருங்க இது. தரையில எங்க பாத்தாலும் நாருதான்."

நாரை எடுத்து, ஃபேன் சுற்றி, சத்தம் நின்றது. பேச்சு நிற்கவில்லை. வேறு கம்ப்யூட்டர்கள் எப்படி எப்படிக் கத்தும் என்று அவன் கேட்டான். அவள் ஒவ்வொன்றாக வாயாலேயே ஊதிக் காட்டினாள். "இன்னொரு கம்பெனி இருக்கு, அது எட்டுக் குட்டைப் பீப் அடிக்கும். திரை நினைவு போச்சுன்னு அர்த்தம். உங்களது அந்த ஜாதி இல்ல, பயப்படாதீங்க" என்றாள். நான் ஒரு கல்யாணக் கவுனுக்கு லேஸ் முழுவதையும் தைத்து முடித்துவிட்டேன், அவர்கள் அப்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி போன்.

"வைசினியா, கம்ப்யூட்டருக்கு மறுபடி உடம்பு சரியில்ல." 'ங்க' எல்லாம் எப்போதோ காணாமல் போயிருந்தது.

"பிடிங்க பார்ப்போம்."

பீப் பீப் பீப் பீப் பீப் பீப் பீப் பீப்.

எட்டு. வைசினியாவின் புருவம் மேலே போனது. என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். ஸ்பீக்கர் பட்டனை அமுக்கினாள்.

"இன்னொரு தடவ."

மறுபடி எட்டு. வாயைப் பொத்திக்கொண்டு என் காதில் சொன்னாள்: "அக்கா, இது கம்ப்யூட்டர் இல்ல. கம்ப்யூட்டர் பீப்புக்கு மூச்சு கிடையாது. கத்தியால வெட்டின மாதிரி தொடங்கும், வெட்டின மாதிரி நிக்கும். இதுல அஞ்சாவதுல சுருதி எறங்குது, ஆறாவதுக்கு முன்னாடி மூச்சு இழுக்குது. ஸ்கூல் பசங்க ஊதுற பிளாஸ்டிக் குழல்! அதோட இவரு மெஷினுக்கு இந்தப் பாஷையே தெரியாது. நான் போன தடவ சொன்னதத் திருப்பி எனக்கே ஊதுறாரு!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துணியை வாயில் திணித்துக்கொண்டேன்.

அவள் குரலை இறுக்கிக்கொண்டாள். "முன்னாடி விளக்கு என்ன நிறம்?"

"விளக்கா..." என்று இழுத்தான். "என்ன நிறமா இருக்கணும்?"

"செகப்பு."

"ஆமா, செகப்பு! நல்ல செகப்பு!"

"ரொம்ப முத்திப்போச்சு. நான் சொல்றத அப்படியே செய்யணும். கம்ப்யூட்டர மேற்குப் பாக்கத் திருப்புங்க. செருப்பைக் கழட்டுங்க. வலது கையை மேல வச்சு, காலைநேரத் துதிப்பாட்டு ரெண்டாவது சரணம் பாடுங்க."

"பாடணுமா?"

"உயரக் குரல்ல. அப்பத்தான் உள்ள இருக்கிற தகடு அதிரும்."

பாடினான். மனுஷன் பாடினான் பாருங்கள்! நான் துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். வைசினியா மேசையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு நின்றிருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். ஆனால் மூன்றாவது அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. ஒரு பெண் குரல், கீழ் சுருதியில், உரிமையோடு. அது வந்ததும் 'ஷ்ஷ்' என்று ஒரு அதட்டல். பாட்டு நின்றது.

"இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டாள் வைசினியா, முகம் மாறி.

"இரு, ஸ்விட்சப் போடுறேன்... ம்ஹூம், இன்னும் சரியாகல, கேளு" என்று அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவன் பேச்சுக்கு மேலேயே, எட்டு பீப்.

"சரி. யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அவரு பேசுறாரு, அப்பவே குழலும் ஊதுது. ஒரு வாயால ரெண்டும் முடியுமா? கூட ஒருத்தி இருக்கா!"

"தங்கச்சியா இருக்கும்டி."

"தங்கச்சி முன்னாடி எவனாவது ஒரு பொம்பளகிட்ட இப்படி இளிப்பானா? எங்கண்ணன் ரொட்டியப் போட்டுட்டு ஓடுறான்!"

நியாயம்தான். "அப்போ அம்மா?"

"அம்மா செத்து ரொம்ப வருஷமாச்சுன்னு அவரே சொன்னாரு. இது வேற. எவளோ ஒருத்தி பக்கத்துல உக்காந்துகிட்டு, என்னை வச்சு விளையாடுறா. ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சிருப்பாங்க."

அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தாலும் சிரிப்பு மாதிரியேதான் இருந்தது. உடம்பு முழுக்கக் குலுங்கினாள். அந்த வாரம் நியுவாவுக்குக் கப்பல் கிளம்புவதாகச் செய்தி வந்தது. "ரிப்பேருக்குப் போறேன்" என்று பையைக் கட்டிவிட்டாள். தனியாக அனுப்ப முடியாது என்று இசிலேலியும் கிளம்பினான். எதற்குப் போகிறோம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் அவனுக்கு. இந்தக் கதையின் முடிவைப் பார்க்காமல் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது என்பதால் நானும் போனேன்.

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மெத்தைகள், பன்றிகள், பெட்ரோல் பீப்பாய்கள், பீப்பாய்களின் மேல் நாங்கள். அலை தூக்கிப் போட்டதில் இசிலேலி ஒரு பன்றியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான்; அந்தப் பன்றிதான் எங்கள் எல்லாரையும்விடத் தெளிவாக இருந்தது. வைசினியா மட்டும் கப்பல் முனையில் நின்று, சொல்லப்போகும் வசனங்களை வாய்விட்டு ஒத்திகை பார்த்தாள். "வாத்தியாரே, வெக்கமா இல்ல?" என்று கடலைப் பார்த்துக் கேட்டாள். பதிலுக்குக் கடல் ஒரு அலையை அவள் முகத்தில் அடித்தது.

நியுவா துறையில் சாமான் இறங்கும்போது ஒரு குரல், "அந்தச் சாக்பீஸ் பெட்டிய மெதுவா எறக்குங்கப்பா!" என்றது. நான் திரும்புவதற்குள் வைசினியா திரும்பிவிட்டாள். ஒல்லியான ஆள். தேங்காய் மட்டைக்குச் சட்டை போட்ட மாதிரி உடம்பு. பெரிய காதுகள். எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் கட்டிய பாய் அவனை இரண்டு சுற்று சுற்றியும் மிச்சமிருந்தது. அவனிடமிருந்தா அந்தக் குரல்!

"கித்தியோனே வாத்தியாரா?" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவன் கையிலிருந்த பெட்டி நழுவியது. சாக்பீஸ்கள் துறையெங்கும் உருண்டன. அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மூடினான். மறுபடி திறந்தான். போனில் அருவி மாதிரிக் கொட்டிய மனுஷன், நேரில் மீன் மாதிரி நின்றான்.

"கம்ப்யூட்டரப் பாக்க வந்திருக்கேன்."

"அது... அது சரியாப்போச்சு."

"அப்படியா? மேற்குப் பாத்து வச்சதுலயா? பரவால்ல, இவ்வளவு தூரம் வந்துட்டேன். ஒரு தடவ ஸ்விட்சப் போட்டுப் பாத்துட்டுப் போறேன்."

அவன் குறுக்கே ஓடி ஓடி ஏதோ சொல்ல வந்தான். முதலில் சாப்பிடலாம் என்றான், பச்சை மீனும் தேங்காய்ப்பாலும் தயார் என்றான். குளிக்கலாம் என்றான். கோயிலைப் பார்க்கலாம் என்றான். வைசினியா நடந்துகொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்து அலுவலக அறைக்குள் நாங்கள் நான்கு பேரும் நுழைந்தோம். மேசையில் கம்ப்யூட்டர். பக்கத்தில் போன். பின்னால் அறையைப் பிரித்துத் தொங்கும் ஒரு பெரிய பாய். வைசினியா கை நீட்டி ஸ்விட்சைப் போட்டாள்.

'டிக்'. ஃபேன் சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. சுத்தமாக, அழகாக, ஒரே ஒரு சின்னப் பீப். திரை வெளிச்சமானது.

உடனே பாய்க்குப் பின்னாலிருந்து: பீப் பீப் பீப் பீப் பீப்... ஒரு மூச்சு... பீப் பீப் பீப்.

கித்தியோனே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். வைசினியா ஒரே எட்டில் போய்ப் பாயை விலக்கினாள்.

அங்கே ஒரு வயதான அம்மாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பாதி நெய்த பாய். வாயில் பிளாஸ்டிக் குழல். எங்களைப் பார்த்ததும் குழலை எடுத்தாள். பயமோ வெட்கமோ மருந்துக்கும் இல்லை.

"போன் இல்லியா இன்னிக்கி?" என்று கித்தியோனேயைக் கேட்டாள். பிறகு வைசினியாவை மேலிருந்து கீழே பார்த்தாள். "ஓ, நீதானா அந்தப் பன்னிக்குட்டிக்காரி?"

கித்தியோனேயின் அப்பா கூடப் பிறந்த அத்தை, தோகிலுபே. எங்கள் வழக்கத்தில் அத்தை சொல்லை மீற ஆளில்லை. அத்தைக்கு மேலே கடவுள்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

"நீங்களா ஊதினீங்க?" என்றாள் வைசினியா.

"பின்ன இவனா ஊதுவான்? கம்ப்யூட்டர் நல்லா ஆனதுலேந்து மூஞ்சத் தொங்கப் போட்டுட்டுத் திரிஞ்சான். 'ஏண்டா?'ன்னா, 'இனிமே என்னன்னு சொல்லிப் போன் பண்றது அத்தை?'ங்கிறான். 'சும்மா பண்ணு'ன்னா போனத் தொடாமலே ஓடுறான். நான்தான் சொன்னேன், நீ பேசு, நான் கெட்டுப்போறேன்னு. எத்தனை தடவ ஊதுறது? கன்னம் வலிக்குது. அந்தத் துதிப்பாட்டுல கொஞ்சம் சேர்ந்து பாடினா அதுக்கும் அதட்டுறான். சட்டுனு கட்டிக்கிட்டுத் தொலைங்க ரெண்டு பேரும்."

கட்டிக்கிட்டு என்ற வார்த்தை வந்ததும் இசிலேலி கதவைத் தேடினான். கதவில் நான் நின்றிருந்தேன். ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டான். வெளியே கோழிகள் சிதறும் சத்தமும் "ஐயோ, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவன் யாருக்கோ சமாதானம் சொல்வதும் கேட்டன.

வைசினியா கப்பல் முழுக்க ஒத்திகை பார்த்த வசனங்களில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. முதலில் தோள் ஆடியது. பிறகு வயிறு. பிறகு அவள் மொத்தமாகத் தரையில் உட்கார்ந்து, அத்தையின் காலில் தலையை வைத்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அத்தையும் சிரித்தாள், பல்லில்லாத சிரிப்பு.

"அத்தை, அஞ்சாவதுல மூச்சு விட்டுடுறீங்க. குடுங்க இப்படி." குழலை வாங்கிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு, எட்டையும் ஒரே மூச்சில், வெட்டி வெட்டி ஊதிக் காட்டினாள். "நாக்கால அடிக்கணும். த, த, த, த. அப்பத்தான் மெஷின் மாதிரி வரும்."

"அடி கள்ளி! அப்போ அன்னிக்கே கண்டுபிடிச்சிட்டியா?"

"மொத பீப்லயே."

கித்தியோனே முகத்திலிருந்து கையை எடுத்தான். "அப்போ... மேற்குப் பாக்கத் திருப்பினது? செருப்பு கழட்டினது?"

"அது உங்க மருந்து, கம்ப்யூட்டரோடது இல்ல" என்றாள். அவனுடைய பெரிய காதுகள் இரண்டும் சிவந்துபோயின.

திரும்பிப் போகும் கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை நாங்கள் அத்தை வீட்டில் தங்கினோம். வைசினியா ஊரிலிருந்த ரேடியோக்களை, ஐஸ் பெட்டிகளை, கோயில் ஒலிபெருக்கியை எல்லாம் ரிப்பேர் பார்த்தாள். மாலையில் கவா வேர்ச் சாறு குடிக்க ஆண்கள் வட்டமாக உட்கார்ந்தால் அவளைத்தான் கலக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். கித்தியோனே அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து கிண்ணம் கிண்ணமாகக் குடித்தான். நாக்கு மரத்துப்போனதுதான் மிச்சம். ஊர்க்காரர்கள் பாட்டாகப் பாடி, ஜாடை ஜாடையாகக் கேலி செய்து, அவன் முதுகில் குத்திப் பார்த்தார்கள். அவன் கிண்ணத்தை மட்டும்தான் நீட்டினான்.

ஒரு காலையில் வைசினியா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பக்கத்துக் கிராமத்திலிருந்த தொலைபேசி நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண்ணிடம் பள்ளிக்கூடத்துக்குப் போடச் சொன்னாள்.

"இங்கேருந்து பள்ளிக்கூடமா? நடந்தே போயிடலாமே" என்றாள் அவள்.

"நீ போடும்மா."

மணி அடித்தது. "ஹலோ?" அந்தப் பழைய குரல், இளநீர்.

"வைசினியா பேசுறேன். என்ன கோளாறுன்னு சொல்லுங்க."

முதலில் ஒரு கனைப்பு. பிறகு மடை திறந்தது. "வைசினியா, கோளாறு எனக்குத்தான். காலையில எந்திரிச்சா ஒண்ணும் ஓட மாட்டேங்குது. நீ துறையில எறங்கினியே, அப்போ என் வாய் அடைச்சுப்போச்சு. போன்ல நீ சிரிக்கும்போது ஒரு ஆளுன்னு நெனச்சேன், நேர்ல பாத்தா ஊரே சிரிக்கிற மாதிரி இருக்கு. எனக்கு வீடு சின்னது. சேனைக்கிழங்கு நல்லா விளையுது. உனக்கு நெய்யாஃபுதான் புடிக்கும்னா, நான் மாற்றல் கேட்டுக்கிட்டு அங்கயே வந்துடுறேன். என்னைக் கட்டிக்கிறியா?"

வைசினியா ரிசீவரை அப்படியே தொங்கவிட்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். ரிசீவர் ஆடிக்கொண்டே "ஹலோ? ஹலோ? லைன் போச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. தேங்காய்த் தோப்பைக் கடந்து, பன்றிகளைத் தாண்டி, அவ்வளவு பெரிய உடம்போடு அவள் ஓடிய ஓட்டத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்ட தொலைபேசி நிலையத்துப் பெண்ணின் வாய் எங்களைவிட வேகம். நாங்கள் பள்ளிக்கூடத்தை அடைவதற்குள் ஊர் முழுக்க வாசலில் நின்று கை தட்டியது. கித்தியோனே ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"சரி!" என்று கத்தினாள், மூச்சிரைக்க. "சரின்னு சொல்லத்தான் வந்தேன்!"

கல்யாணம் நெய்யாஃபுவில். கவுன் நான்தான் தைத்தேன். அதற்கு ஆன துணியில் ஒரு படகுக்குப் பாய்மரம் கட்டலாம். கேக் ஐந்து அடுக்கு, ஆக்லாந்திலிருந்து வந்த அவள் சித்தி செய்தது. கேக்கையும் பெண்ணையும் ஒரே லாரியில் ஏற்றினோம். முன்னால் பித்தளை வாத்தியக் குழு ஊதிக்கொண்டு போனது. கோயிலுக்கு ஏறும் மேட்டில் மழை கொட்டியது. டிரம் அடித்தவன் சறுக்கினான், அவன் மேல் டிராம்போன்காரன், லாரி சட்டென்று நின்றது. கேக் நிற்கவில்லை. மேல் மூன்று அடுக்கும் நேராக வைசினியாவின் மடிக்கு வந்து சேர்ந்தன. கவுனை விரித்துப் பிடித்துவிட்டாள்.

சித்தி அலறினாள். நான் கவுனைப் பார்த்து அழ ஆரம்பித்தேன்.

"அக்கா, அழாத, வாயத் திற" என்றாள் வைசினியா. ஒரு கை நிறைய அள்ளி என் வாயில் வைத்தாள். பிறகு சித்திக்கு. பிறகு லாரியிலிருந்தே குனிந்து, நனைந்து நின்ற வாத்தியக் குழுவுக்கு, தெருவில் நின்றவர்களுக்கு, குடையோடு ஓடிவந்த போதகருக்கு என்று அள்ளி அள்ளிக் கொடுத்தாள். அத்தை இரண்டு முறை வாங்கிக்கொண்டாள். கோயில் வாசலில் காத்திருந்த மாப்பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு வெள்ளை சர்க்கரை ரோஜா மட்டும். அவன் அதையும் பத்திரமாகக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான். மழையில் அது கரைந்து கோட்டில் ஒழுகியது. பாடகர் குழு எழுந்து நின்றபோது ஒருத்தருக்கும் சுருதி சேரவில்லை. எல்லார் வாயிலும் கேக்.